வண்டியை யார் பிரிப்பது? ஊரிகத்திலிருந்து ஒரு பழுதுபார்ப்பு வரலாறு

மோட்டார் சைக்கிளின் பழுதை உடைமையாளர் தாமே நீக்க வேண்டுமா, மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டுமா என்னும் கேள்வி பெரும்பாலும் தனிமனிதரின் விருப்பம், சிக்கனம், நேரம் ஆகியவற்றைச் சார்ந்த கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆர்வமுள்ளவர் தாமே செய்துகொள்வார், மற்றவர் பட்டறையில் விடுவார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் படிக்கக் கோலார் தங்கவயலின் ஊரிகம் போன்ற ஒரு தொழிலாளர் குடியிருப்பு மிகப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து. பழுதுபார்க்கும் அறிவு நம் ஊர்களில் உடைமையாளர், மெக்கானிக் என்ற இருவருள் ஒருவரிடம் முடங்கிக் கிடக்கவில்லை. அது இருவருக்கும் இடையில், தெருவின் பொதுச் சொத்தாக இருந்தது. அப்படி இருப்பதற்குச் சில வரலாற்றுக் காரணங்கள் வேண்டியிருந்தன. அக்காரணங்கள் இன்று ஒவ்வொன்றாக அகன்று வருகின்றன. இப்பதிவு அவற்றைப் பற்றியது.

'தானே செய்தல்' என்னும் கருத்தின் மேற்கத்திய வடிவத்தை முதலில் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், அதைப் பேணவும் அறிந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 'தி மோட்டார் சைக்கிள்' என்னும் வார இதழ் 1903இல் தொடங்கியது. இத்தகைய இதழ்களும் அவற்றையொட்டி வந்த கையேடுகளும் தம் வாசகரை எழுத்தறிவுள்ளவராக, வண்டிக்கு உரியவராக, கையில் எண்ணெய்க் கறை படிவதை இழிவாகக் கருதாதவராக எண்ணி எழுதப்பட்டவை. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்னும் நூல் இம்மரபின் பிற்காலச் சிந்தனை. தம் வண்டியைத் தாமே பேணும் கதைசொல்லி ஒருபுறம், விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டி வைத்திருந்தும் அதன் உள்ளே எட்டிப் பார்க்க விரும்பாத நண்பர் மறுபுறம். வண்டியைப் பொறுப்பின்றிக் கையாண்டு கெடுக்கும் மெக்கானிக்குகளும் அந்நூலில் வருகின்றனர். ஆக, அக்கறையுள்ள உடைமையாளர், அக்கறையற்ற கூலித் தொழிலாளி என்று இரண்டே இடங்கள். அறிவு இவற்றுள் எங்கே இருக்க வேண்டும் என்பதே அந்நூலின் கவலைகளுள் ஒன்று.

இந்தச் சட்டகத்தை அப்படியே நம் சூழலுக்குக் கொண்டுவர முடியாது. பொருளுக்கு உரியவர் ஒருவர், அதைக் கையால் தொட்டுச் செப்பனிடுபவர் வேறொருவர் என்னும் பிரிவினை இங்குச் சாதியால் உறுதிப்படுத்தப்பட்டது. எழுத்து ஒரு பக்கமும் கைத்திறன் மறு பக்கமும் நின்றன. எந்திர வண்டி இந்தியாவுக்கு வந்தபோது இப்பிரிவினைக்குள்தான் வந்து விழுந்தது. வண்டி வைத்திருந்தவர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். ஓட்டுவது, துடைப்பது, பழுது பார்ப்பது மூன்றும் அவர் வேலையாயின. இங்கே 'தானே செய்தல்' என்பது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. உடைமையும் கையுழைப்பும் ஒரே ஆளிடம் சேர்வது என்பதே ஒரு சமூக மாற்றம். அம்மாற்றம் நிகழ்ந்த இடங்களுள் கோலார் தங்கவயலும் ஒன்று.

தங்கவயலின் வரலாறு பலரும் அறிந்ததே. மைக்கேல் லவெல் 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கோரினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் சுரங்கத் தொழில் நிலைபெற்றது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களே தொழிலாளருள் பெரும்பாலோர். அவர்களிலும் மிகப் பலர் ஆதிதிராவிடர். 1902இல் சிவசமுத்திரத்தின் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான். நிலவுடைமை ஊர்களில் ஏர்க்காலுக்கும் களத்துமேட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தவர்களின் பிள்ளைகள், ஒரு தலைமுறைக்குள் இழுவை எந்திரம், நீரேற்றும் பம்பு, காற்றழுத்தப் பொறி, மின்மோட்டார் ஆகியவற்றின் அருகே நின்று வேலை செய்யலாயினர்.

அருகே நிற்பதும் அறிவுக்கு உரியவராவதும் ஒன்றல்ல. மேற்பார்வைப் பணிகளும் உயர்நிலைத் தொழில்நுட்பப் பணிகளும் நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலும் ஆங்கிலோ இந்தியர் கையிலுமே இருந்தன. இந்தியத் தொழிலாளி பிறருக்கு உதவியாள். 1930இல் தங்கவயலில் நடந்த பெரும் வேலைநிறுத்தம், தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்யும் நிர்வாகத்தின் திட்டத்தை எதிர்த்து எழுந்தது. தொழிலாளியின் கையை நிறுவனம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே காலத்தில் அத்தொழிலாளரின் மற்றொரு முகமும் வெளிப்பட்டது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப்பின் 1920களில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. சாம்பியன் ரீப் பகுதியின் சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த நூல்களைப் பதிப்பித்தது. கையுழைப்பும் எழுத்தும் ஒரே தெருவில், ஒரே வீட்டில் சேர்ந்திருந்த ஊர் இது.

சுரங்கம் என்பது ஓயாத பராமரிப்பால் மட்டுமே உயிர்வாழும் அமைப்பு. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடக்கும். பம்பு நின்றால் நீர் ஏறும். காற்று நின்றால் ஆள் நிற்க முடியாது. இழுவைக் கயிறு பழுதானால் மேலே வர வழியில்லை. பழுது ஏற்பட்டால் எந்திரம் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க இயலாது. ஆகவே தேவையான உறுப்பைத் தானே கடைந்து, வார்த்து, பற்றவைத்துக்கொள்ளும் வேலைமனைகள் சுரங்கத்துக்கு இன்றியமையாதவையாயின. பிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்னும் பணிப்பெயர்கள் ஊரின் அன்றாடப் பேச்சில் கலந்தன. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. இதற்கிடையே 1964இல் நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் மண்வாரி எந்திரத் தொழிலகமும் தங்கவயலில் அமைந்தது. அரசுடைமைக் காலத்தில் திறன்சார் பணிகள் தமிழ்த் தொழிலாளரின் கைக்கு வந்தன. முதலில் மிதிவண்டியும், பிறகு மோட்டார் சைக்கிளும் அவர்கள் வாசலுக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான்.

வந்த வண்டிகளின் தன்மையும் இங்கு முக்கியம். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவில் 1955இல் உருவான என்பீல்டு இந்தியா, சென்னைத் திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்தது. மைசூரில் 1961இல் தொடங்கிய ஐடியல் ஜாவா, ஜாவா வண்டியையும் பின்னர் எஸ்டியையும் தந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நிலவிய அக்காலத்தில் வண்டி வாங்குவதே அரிது. வாங்கிய வண்டி இருபது, முப்பது ஆண்டுகள் ஓடியாக வேண்டும். வடிவமும் எளிதில் மாறவில்லை. புல்லட்டின் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே அடிப்படை வடிவம் இங்கே இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை நீடித்தது. பொருளாதார அறிஞர் இதைத் தேக்கம் என்பார். அறிவின் வரலாற்றை எழுதுபவருக்கு இதில் வேறொரு பொருளும் உண்டு. எந்திரம் மாறாதிருந்தால், அதைப் பற்றிய அறிவு பழையதாவதில்லை. தந்தை கற்றது மகனுக்குப் பயன்படும். ஒரு தெரு முழுவதும் ஒரு எந்திரத்தைக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

அந்த அறிவு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய புல்லட்டில் வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளின் இடைவெளியைச் சரிபார்க்க அளவுத் தகடு தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்டை விரலால் உருட்டினால் அது தடையின்றிச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. 'தடையின்றி' என்பதற்கும் 'ஆடாமல்' என்பதற்கும் உள்ள எல்லையை எந்தக் கையேடும் சொற்களால் முழுமையாகக் கற்பிக்க முடியாது. தெரிந்த ஒருவர் அருகில் அமர்ந்து, 'இப்போது தொட்டுப் பார்' என்று சொல்ல வேண்டும். மைக்கேல் போலானி சொல்லுக்குள் அடங்காத அறிவு என்று விளக்கியது இதைத்தான். பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலையில் சாய்த்து, கிக்கரை உதைத்துப் பொறியின் நிறத்தைப் பார்ப்பதும், எஸ்டியின் சைலன்சருக்குள் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பதும் இவ்வகையினவே.

இந்நிலையில் 'நானே செய்தேன்' என்பதற்கும் 'மெக்கானிக் செய்தார்' என்பதற்கும் இடையே கூர்மையான கோடு இல்லை. சுரங்கத்தில் பிட்டராக இருப்பவர் வேலை முடிந்து வந்து பக்கத்து வீட்டு வண்டிக்கும் கை கொடுப்பார். வண்டிக்குரியவர் ஸ்பேனரை எடுத்துத் தருவார். பிள்ளைகள் சுற்றிக் குந்தியிருப்பர். பட்டறையில் விட்டாலும் உரியவர் அங்கேயே நின்று பார்ப்பதில் தவறு கண்டவர் இல்லை. மெக்கானிக்கை நம்புவது என்பது அவர் செய்வது கண்ணுக்குத் தெரிந்ததால் விளைந்த நம்பிக்கை. ஷிப்டு முறையும் இதற்குத் துணை நின்றது. எட்டு மணிநேர வேலை முடிந்தபின், வாரத்தின் பல நாள்களில் பகல் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. பழுதுபார்ப்பு வரலாற்றில் திறமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வெளிச்சமுள்ள ஓய்வுநேரத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு கூடுதல் சான்று கிடைக்கிறது. பட்டறைத் தமிழை உற்றுக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: பிளக்கு, செயினு, கியரு, போல்ட்டு, நட்டு, ரிங்கு. வினைகள் ஏறத்தாழ முழுதும் தமிழ்: கழற்று, மாட்டு, இறுக்கு, தளர்த்து, முறுக்கு, தட்டு, ஊது, உதை. பெயர்கள் ஏட்டிலிருந்து வரவில்லை, காதின் வழியே வந்தன என்பதை அவற்றின் இறுதியில் ஒட்டிய உகரம் காட்டுகிறது. பொருள் அயலிலிருந்து வந்தது. அதன்மீது நிகழ்த்தும் செயல் நம்முடையதாகவே இருந்தது. 'மேஸ்திரி', 'சாவி' ஆகியவை அதற்கும் முன்னர்ப் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து தமிழாகிவிட்டவை. 'திருப்புளி' என்னும் சொல்லோ தச்சரின் உளியோடு 'திருப்பு' என்னும் வினையைச் சேர்த்து இங்கேயே ஆக்கப்பட்டது. அயற்கருவியைத் தன் கருவிகளுள் ஒன்றாக அடையாளம் கண்டவர் எவரோ அவரே அச்சொல்லை ஆக்கியிருக்க வேண்டும்.

பழுதைக் கண்டறியும் சொற்களும் கவனிக்கத்தக்கவை. 'கடகட' என்கிறதா, 'சலசல' என்கிறதா, 'படபட' என்று வெடித்து நிற்கிறதா என்பதுதான் பட்டறையில் கேட்கப்படும் முதல் கேள்வி. தளர்ந்த செயினின் ஓசை வேறு; வால்வு இடைவெளி கூடிய எஞ்சினின் ஓசை வேறு. தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணத்தில் இடம்பெற்ற இரட்டைக்கிளவி, இங்கே நோயறியும் கலைச்சொல்லாகத் தொழிற்படுகிறது. உடைமையாளரும் மெக்கானிக்கும் ஒரே சொல்லை ஒரே ஓசைக்குப் பயன்படுத்த முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. நோயாளியும் மருத்துவரும் ஒரே மொழி பேசுவது போன்றது அது.

இந்த மரபைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. அதற்குள் இருந்த விலக்கங்கள் வெளிப்படையானவை. வண்டியைச் சுற்றிக் குந்தியிருந்த வட்டத்தில் பெண்களுக்கு இடமிருந்ததில்லை. கண்டும் கேட்டும் கற்கும் அறிவு, வட்டத்துக்குள் அனுமதி பெற்றவருக்கு மட்டுமே கிடைக்கும். அச்சிட்ட கையேடு எவர் கையிலும் விரியும். இவ்வகையில் எழுத்து மிகுந்த சமத்துவம் உடையது. பௌத்தத்தையும் சமூக விமர்சனத்தையும் தமிழில் அச்சேற்றிய தங்கவயல், தன் எந்திர அறிவைத் தமிழில் எழுதி வைக்கவில்லை. பட்டறையில் 'பையன்' என்று அழைக்கப்பட்ட சிறுவர் பலரின் கல்வி அங்கேயே முடிந்தது என்பதும், தவறாகச் செப்பனிட்ட பிரேக்கு உயிரைப் பறிக்கும் என்பதும் உண்மைகள். தெருவின் அறிவு எல்லா வேளையிலும் சரியான அறிவாக இருந்ததில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்த இடம் அது. பம்புகள் நின்றபின் ஆழ்நிலைகளை நீர் நிரப்பியது. பராமரிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதுமான விளக்கம். மேலே, ஊரில் நிகழ்ந்த இழப்பு அவ்வளவு எளிதாகக் கண்ணில் படவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து ஊரிகம் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் ஒவ்வொரு நாளும் போய்வருகின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம். விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புகின்றனர். வெளிச்சமுள்ள ஓய்வுநேரம் முதலில் போயிற்று. வேலைமனை இல்லாததால் புதிய பிட்டர்கள் உருவாகும் களமும் போயிற்று. இன்று ஊரிகத்து இளைஞர் ஒருவர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுச் செல்கிறார் என்றால் அது சோம்பலால் அன்று. கற்பதற்கும் நின்று பார்ப்பதற்கும் வேண்டிய நேரத்தை அவர் ஏற்கெனவே ரயிலுக்கும் பெங்களூருக்கும் கொடுத்துவிட்டார்.

எந்திரமும் மாறிவிட்டது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவு வண்டிகள் வந்தன. தேய்த்துச் சரிசெய்யும் காண்டாக்ட் பாயிண்ட் மறைந்து மின்னணு எரியூட்டல் பரவியது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு விதிமுறையோடு, கார்பரேட்டரின் இடத்தில் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை வந்தது. காற்று தூய்மையாவது நன்மையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழுதை ஓசையால் அறிந்த இடத்தில் இப்போது குறியீட்டு எண் நிற்கிறது. அதைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் யாரிடம் இருக்கின்றன என்பதே இன்றைய கேள்வி. உடைமையாளரும் தெருமுனை மெக்கானிக்கும் இப்போது ஒரே பக்கத்தில், பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கின்றனர்.

இது கற்பனை அச்சம் அன்று. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022இல் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் இவ்வுரிமை பெரும்பாலும் நுகர்வோரின் உரிமையாகவே விளக்கப்படுகிறது. விலை கொடுத்து வாங்கியவருக்குத் தம் பொருளைத் திறக்க உரிமை உண்டு என்பது சரியே. ஊரிகத்தின் வரலாறு சொல்வது அதற்கும் மேலானது. திறக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் ஒரு சமூகத்துக்கு உரிமை வேண்டும். தலைமுறைகளாகக் கையுழைப்புக்கு மட்டும் உரியவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள், அக்கையுழைப்பையே அறிவாக மாற்றிக்கொண்ட இடம் இது. அவ்வறிவைப் பூட்டுவது, வசதிக் குறைவு என்பதைக் கடந்து, அவர்கள் ஏறிவந்த படியை அகற்றுவதாகும்.

எனவே 'தானா, மெக்கானிக்கா' என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கப் பரிந்துரைக்கிறேன். பழுது பார்க்கப்படும்போது அருகில் நிற்க யாருக்கு அனுமதி உண்டு? எந்த மொழியில் அது பேசப்படுகிறது? அதைக் கற்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது என்பதைவிட இம்மூன்றும் ஒரு ஊரின் தொழில்நுட்ப வரலாற்றைத் தெளிவாகக் காட்டும்.

தங்கவயலை ஆய்வுக்களமாகக் கொள்ளும் மாணவர்கள் தொழிற்சங்க வரலாற்றையும் பௌத்த இயக்க வரலாற்றையும் ஆர்வத்தோடு தேடிச் செல்கின்றனர். அவை தேவையான ஆய்வுகள். அவற்றோடு, வேலைமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் சொற்களையும் பதிவுசெய்ய வேண்டுகிறேன். சுரங்கம் மூடியபோது முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் இல்லை. உறுப்பின் பெயர், அதன்மீது செய்யும் வினை, பழுதின் ஓசை என்ற மூன்று பத்திகள் கொண்ட ஒரு சிறு சொற்பட்டியலை எந்த முதுகலை மாணவரும் ஒரு பருவத்துக்குள் தொகுத்துவிடலாம். கேட்கப் போகும்போது நேர்காணல் வினாநிரலோடு ஒரு பழுதான வண்டியையும் கொண்டுசெல்லுங்கள். வண்டியைப் பிரிக்கத் தொடங்கினால் சொற்கள் தாமே வரும்.